வாத்தியாருக்கு வாத்தியார்

கராத்தே வகுப்பில் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் குத்தவா சொல்லிக்கொடுக்கிறார்கள்? குனியத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாஸ்டரைப் பார்த்து ஒருமுறை குனிய வேண்டும். பிறகு மாஸ்டரும் திரும்பி நின்று, எல்லோருமாகச் சேர்ந்து சுவரில் மாட்டியிருக்கும் ஒரு தாத்தா படத்தைப் பார்த்துக் குனிய வேண்டும். ஷோட்டோகான் பாணி வகுப்பு என்றால் அந்தத் தாத்தா அநேகமாகக் கிச்சின் ஃபுனகோஷியாக இருப்பார். நம்மை நாக்குத் தள்ள ஓடவிட்டு, விரல் முட்டியை ஊன்றித் தண்டால் எடுக்கவைக்கும் மாஸ்டர், அந்தப் படத்துக்கு முன்னால் அடக்க ஒடுக்கமாக நிற்பதைப் பார்க்கும்போது எந்தப் பிள்ளைக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். இவருக்கும் மேலே ஆள் இருக்கிறது!

அந்தச் சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம். படத்தில் இருக்கும் தாத்தாவும் ஒரு காலத்தில் யாருக்கோ குனிந்த பையன்தானே? அந்த யாரோ இன்னொரு யாருக்கோ குனிந்திருப்பாரே? புத்தகங்கள் வழியாக ஏறிப் பார்த்தவன் என்ற முறையில் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஏணியில் மேலே போகப் போக ஆதாரம் இளைத்துக்கொண்டே போகும், ஆள் மட்டும் பருத்துக்கொண்டே போவார். கீழ்ப்படியில் நிற்பவர் பள்ளிக்கூட வாத்தியார். நடுப்படியில் நிற்பவர் முறைத்தே ஆளைச் சாய்ப்பவர். உச்சியில் நிற்பவர் காஞ்சிபுரத்துக்காரர்.

ஃபுனகோஷி 1868இல் ஒகினாவா தீவின் ஷூரி நகரில் பிறந்தார். சர்க்கார் தாளில் மட்டும் 1870இல் பிறந்தார். மருத்துவப் பள்ளித் தேர்வுக்கு 1870க்கு முன் பிறந்தவர்கள் வரக்கூடாது என்று ஒரு விதி இருந்ததால், பேனா முனையில் இரண்டு வயது இளைஞரானார். ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்த தேதியைப் பிறந்த நாளாகக் கொண்ட நம்மூர்த் தாத்தாக்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. இவ்வளவு செய்தும் அவர் டாக்டராகவில்லை. குறுக்கே நின்றது தலையில் இருந்த குடுமி. ஜப்பானின் மெய்ஜி அரசு குடுமியை ஒழித்திருந்தது. ஒகினாவாவின் பழைய குடும்பங்கள் பலவும், நாடே போனாலும் குடுமி போகக்கூடாது என்று அடம்பிடித்தன. ஃபுனகோஷியின் வீடு அந்த அடம்பிடித்த கோஷ்டி. மருத்துவப் பள்ளியோ குடுமி வைத்தவனை உள்ளே விடாது. கடைசியில் 1888இல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தபோது குடுமியை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அப்பா கத்தித் தீர்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொல்லைப்புற வாசல் வழியாகத் தன் தாய்வீட்டுக்கே போய்விட்டார். பின்னாளில் எத்தனையோ பேர் முன்னால் அசையாமல் நின்ற மனிதருக்கு வாழ்க்கையின் முதல் பெரிய எதிராளி அம்மாதான்.

குறைமாதத்தில் பிறந்தவர். நெடுநாள் தேறமாட்டார் என்று வீட்டிலேயே நினைத்த நோஞ்சான். பள்ளியில் கூடப் படித்த ஒரு பையனின் அப்பா, அன்கோ அசாதோ. பெரிய இடத்துக்காரர், குதிரையேற்றம், வில், வாள் எல்லாம் தெரிந்தவர், கராத்தேயிலும் பேர் போனவர். நண்பன் அப்பா வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்ததுதான். ஆனால் கராத்தேயை அப்போது பகலில், நாலு பேர் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. ராத்திரிதான். நிலவில்லாத நாட்களில் கையில் விளக்கோடு மைல் கணக்கில் நடந்து போக வேண்டும். விடியும்போது தள்ளாடித் தள்ளாடி வீடு திரும்பும் வாலிபனைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கூடிக் கூடிப் பேசினார்கள். தினமும் ராத்திரி போகிறான், காலையில் சக்கையாக வருகிறான், எங்கே என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. விஷயம் தெரிந்த சிலர் முடிவு கட்டிவிட்டார்கள்: பையன் தாசி வீட்டுக்குப் போகிறான். இதை ஃபுனகோஷியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிடிபட்டவன் அசடு வழியச் சொல்வதுபோல் இல்லாமல், நன்றாக ரசித்தே எழுதியிருக்கிறார்.

அசாதோவின் பாடத்திட்டம் எளிமையானது. பையன் முற்றத்தில் நின்று கட்டா, அதாவது வரிசையாகக் கோத்த கராத்தே அசைவுகள், போட வேண்டும். அவர் மேலே நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும், இன்னொரு தடவை. அதுவும் முடிந்ததும், இன்னொரு தடவை. வாரங்கள் போகும், மாதங்கள் போகும், அதே கட்டா. பாராட்டு என்றால், நல்லது என்று எப்போதாவது ஒரு சொல். இன்று தெக்கி என்று அழைக்கப்படும் மூன்று கட்டாக்களுக்கே பத்து வருடம் ஆயிற்று. இப்போது நம்மூரில் பத்து வருடத்தில் ஒரு பையன் கறுப்பு பெல்ட் வாங்கி, மாஸ்டராகி, மாவட்டச் சங்கம் ஆரம்பித்து, அது இரண்டாகவும் பிளந்திருக்கும்.

அசாதோவுக்கு நெருங்கிய சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் அன்கோதான், அன்கோ இட்டோசு. அசாதோ வாள் வித்தைக்காரர் என்பதால் எதிராளியின் கையையும் காலையும் கத்தியாக நினைத்து ஒதுங்கு என்பார். இட்டோசுவின் சித்தாந்தம் வேறு. அடி விழுந்தால் விழட்டும், உடம்பை அதற்குத் தயாராக வைத்துக்கொள் என்பார். பீப்பாய் மார்பு, வட்ட முகம், நீண்ட மீசை. முழு மூங்கிலைக் கையால் பிடித்து நசுக்குவார். இத்தனைக்கும் உத்தியோகம் அரண்மனையில் எழுத்தர். ரியூக்யூ அரசருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவர்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஜப்பானின் சட்சுமா படை 1609இல் வந்து தீவைப் பிடித்தது, ஆயுதங்களைப் பறித்தது, கையில் ஒன்றுமில்லாத குடியானவர்கள் ராத்திரியில் வெறுங்கையால் சண்டைபோடக் கற்றார்கள், அதுதான் கராத்தே என்று ஒரு கதை எல்லா வகுப்பிலும் உண்டு. கேட்கப் புல்லரிக்கும். ஆனால் இந்த ஏணியில் நிற்கும் ஆட்களை வரிசையாகப் பாருங்கள். ஒருவர் நிலப்பிரபு வீட்டுக்காரர், ஒருவர் எழுத்தர், ஒருவர் அரண்மனைக் காவல் அதிகாரி, ஒருவர் பள்ளி ஆசிரியர். சேற்றில் இறங்கியவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. அத்தனை பேரும் கவர்ன்மென்ட் உத்தியோகஸ்தர்கள். 1879இல் ஜப்பான் ரியூக்யூ ராஜ்ஜியத்தைக் கலைத்து ஒகினாவா மாநிலம் என்று பெயர் மாற்றியபோது, அரசரோடு சேர்ந்து அரண்மனைக்காரர்கள் பிழைப்பும் போயிற்று. நிறைய ஓய்வும் கொஞ்சம் மனத்தாங்கலும் உள்ள பழைய அரண்மனை ஊழியர்கள் ராத்திரி முற்றத்தில் வளர்த்த கலை என்று சொன்னால் யாருக்கும் புல்லரிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை.

இட்டோசுவைப் பற்றி ஃபுனகோஷி சொல்லும் கதைகளில் எனக்குப் பிடித்தது இது. நாஹா நகரின் கேளிக்கைப் பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் அவர் நுழையும்போது, ஒரு முரட்டு வாலிபன் பின்னாலிருந்து விலாவில் ஓங்கி ஒரு குத்து விட்டான். இட்டோசு திரும்பக்கூட இல்லை. வயிற்றை இறுக்கினார், குத்து வழுக்கிக்கொண்டு போயிற்று. அதே நொடியில் அவன் மணிக்கட்டு இவர் வலது கையில். அப்படியே தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, பயந்து நின்ற பணிப்பெண்களிடம் சாப்பாடும் சாராயமும் கொண்டுவரச் சொன்னார். இடது கையால் ஒரு மிடறு குடித்தார். அதற்குப் பிறகுதான் ஆளை முன்னால் இழுத்து முகத்தையே பார்த்தார். உனக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது, வா, சேர்ந்து ஒரு வாய் குடிக்கலாம் என்றார். அந்த ஆள் குடித்தானா, சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுத்தது என்பதையெல்லாம் ஃபுனகோஷி எழுதாமல் விட்டது பெரிய குறை.

இரண்டு அன்கோக்களுக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது. மாணவனைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்த ஆசான்களிடமெல்லாம் கூட்டிப்போய் அறிமுகம் செய்து, அவரிடம் எது உசத்தியோ அதைக் கற்றுக்கொள் என்று விட்டார்கள். அடுத்த தெரு மாஸ்டரிடம் மாணவன் பேசினாலே சந்தாவைத் திருப்பிக்கொடுத்து அனுப்பும் ஆட்கள் இதைக் கவனிக்கலாம். இப்படித்தான் ஃபுனகோஷி தன் வாத்தியாரின் வாத்தியாரைச் சந்தித்தார். சோகோன் மட்சுமுரா. மூன்று அரசர்களுக்குக் காவலாக இருந்தவர். சட்சுமாவுக்குப் போய் வாள் வித்தையும் கற்றுவந்தவர். ஒகினாவாவில் வீரர் என்று சொன்னால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும் என்ற அளவுக்குப் பெயர்.

அந்தச் சந்திப்பை ஃபுனகோஷி எப்படி எழுதியிருப்பார் என்று ஆவலோடு போனால், கன்னத்தில் அறை விழுகிறது. ஒரு பட்டியல். உயிருள்ள மரத்தின் பட்டையை வெறுங்கையால் உரிக்கும் ஓர் ஆசான், நாஹாவில் பெரிய கன்பூசியப் பண்டிதரான இன்னொருவர், யதார்த்த புத்திக்குப் பேர்போன மற்றொருவர், அவர்களோடு மட்சுமுரா. ஆக மொத்தம் மரப்பட்டை ஆசானுக்குக் கிடைத்த இடம்கூட இவருக்கு இல்லை. அவர் எப்படி இருந்தார், என்ன சொன்னார், தேநீராவது கொடுத்தாரா? மூச்.

எழுதாமல் விட்ட பாவத்துக்கு நானே கற்பனை செய்துகொள்கிறேன். ஃபுனகோஷி போன காலத்தில் மட்சுமுரா எழுபதைத் தாண்டிய கிழவர். அவர் பிறந்தது 1797 என்பாரும் உண்டு, 1809 என்பாரும் உண்டு. எது சரி என்று ஆய்வாளர்கள் அவருடைய மாணவர்களைவிட மும்முரமாகச் சண்டைபோடுகிறார்கள். அவர் காவல் காத்த அரசர்களில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள், மூன்றாமவர் டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டார். காக்க ஒன்றுமில்லாத காவல்காரர். அவர் முன்னால் அசாதோ உட்கார்ந்திருக்கிறார், வழக்கம்போல நிமிர்ந்து அல்ல, கொஞ்சம் வளைந்து. பையன் கட்டா போட்டு முடிக்கிறான். கிழவர் அசாதோ பக்கம் திரும்பி, நீ போடு பார்க்கலாம் என்கிறார். அசாதோ எழுந்து வேட்டியை, மன்னிக்கவும், ஹகாமாவைச் சரிசெய்துகொண்டு போடுகிறார். கிழவர் சொல்கிறார்: இன்னொரு தடவை. பத்து வருடம் முற்றத்தில் காய்ந்த எந்த மாணவனும் இந்த ஒரு காட்சிக்காக இன்னும் பத்து மைல் நடப்பான். நடந்ததற்கு ஆதாரம் இல்லை. நடக்கவில்லை என்பதற்கும் இல்லை, இந்த ஏணியில் அது போதும்.

நேரில் பார்த்த மட்சுமுராவுக்குப் பட்டியலில் ஓர் இடம் கொடுத்த ஃபுனகோஷி, தான் பிறப்பதற்கு முன்னால் மட்சுமுரா போட்ட ஒரு சண்டையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், கூடவே நின்று விளக்குப் பிடித்ததுபோல. முப்பது வயதாகாத மட்சுமுரா, தன் புகைக்குழாயில் சித்திரம் வெட்டிக்கொள்ள ஒரு கடைக்குப் போகிறார். முகம் வாடிக்கிடக்கிறது. சித்திரம் வெட்டுபவர் நாற்பது தாண்டியவர், காளைக் கழுத்து, அவரும் கராத்தேக்காரர். நீங்கள்தானே மட்சுமுரா, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறார். நான் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை என்கிறார் இவர். பெரிய இடத்துக்கே கற்றுக்கொடுக்கிறீர்களே? அங்கேதான் வம்பு. அந்தப் பெரிய இடத்துக்கு, சில கதைகளில் அது அரசரே, பயிற்சியின்போது நீங்கள் இன்னும் தேறவில்லை என்று சொல்லியிருக்கிறார் மட்சுமுரா. சொன்னதோடு நிற்காமல், வாருங்கள் மோதிப் பார்க்கலாம் என்றும் கூப்பிட்டிருக்கிறார். எஜமானர் பாய்ந்து உதைத்தார். மட்சுமுரா அவரைப் பல அடி தூரம் தள்ளி விழச் செய்தார். எழுந்த எஜமானர், இனி கூப்பிடும்வரை என் கண்ணில் படாதே என்றார். சம்பளம் கொடுப்பவரைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏன் கூப்பிடவில்லை என்று மூன்று மாதமாக முகம் வாடித் திரியும் ஊழியர். இவ்வளவு பெரிய ஞானிக்கு இந்த ஒரு சின்ன கணக்கு வரவில்லை.

சித்திரக்காரர் விடவில்லை. கற்றுக்கொடுக்காவிட்டால் ஒரு கை பார்ப்போம் என்கிறார். மறுநாள் காலை ஐந்து மணி, ஷூரியில் ஒரு கல்லறை மைதானம். இரண்டு பேரும் தள்ளி நிற்கிறார்கள். சித்திரக்காரர் ஆயத்த நிலையில் முன்னேறுகிறார். மட்சுமுரா சும்மா நிற்கிறார், நிற்கிற நிலையில் ஓட்டை தெரிகிறது. அடிக்கலாம் என்று நெருங்கும்போது மட்சுமுராவின் கண்ணைப் பார்த்துவிடுகிறார், போச்சு. மின்னல் வெட்டியதுபோல் ஆகிப் பின்வாங்குகிறார். வியர்த்து ஊற்றுகிறது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிடுகிறார். மறுபடி எழுந்து வருகிறார், மறுபடி கண், மறுபடி பாறை. மூன்றாவது முறை மட்சுமுரா ஒரு கத்துக் கத்துகிறார், மனிதர் அப்படியே சுருண்டு, தோற்றேன் என்கிறார். ஒருவர் மேல் ஒருவர் விரல்கூடப் படவில்லை. நீ ஜெயிக்க வந்தாய், நான் சாக வந்தேன், அதுதான் வித்தியாசம் என்று மட்சுமுரா விளக்கம் கொடுக்கிறார். எஜமானர் கோபித்துக்கொண்டதைப் பெரிய விஷயமாக நினைத்துத் துக்கப்பட்டது அற்பத்தனம் என்று அந்த விடியலில்தான் தனக்கு உறைத்ததாகவும் சொல்கிறார். கிராஃபிக்ஸ் இல்லாமல், அடி உதை இல்லாமல், ஒரு பாறையும் இரண்டு கண்ணும் வைத்து எடுத்த சண்டைக் காட்சி. தயாரிப்பாளருக்குச் செலவே இல்லை.

ஒகினாவாவில் எல்லோரும் சொல்லும் இன்னொரு கதையில் மட்சுமுரா மாட்டோடு மோதுகிறார். அரசர் ஒரு முரட்டுக் காளையை இவரோடு மோதவிட ஏற்பாடு செய்கிறார். ஊர் கூடுகிறது. கதவு திறக்கிறது. சீறிக்கொண்டு வந்த காளை மட்சுமுராவைப் பார்த்ததும் நிற்கிறது, கத்துகிறது, திரும்பி ஓடுகிறது. அரசர் அசந்துபோய்ப் புஷி, அதாவது வீரர் என்று பட்டம் கொடுக்கிறார். நடந்தது என்னவென்றால், முந்தின நாட்களிலேயே மட்சுமுரா மாட்டுக்காரரைச் சரிக்கட்டி, அதே உடுப்போடு தொழுவத்துக்குப் போய், கட்டிப்போட்டிருந்த காளையின் மூக்கில் தினமும் வலிக்க வலிக்கக் கொடுத்திருக்கிறார். சிலர் ஊசி என்கிறார்கள், சிலர் தடி. அலங்காநல்லூரில் இதைச் செய்தால் மாட்டுக்காரரே முதுகுத்தோலை உரித்திருப்பார், அண்டா குண்டா எதுவும் பரிசாகக் கிடைத்திருக்காது. எனக்கு இந்தக் கதையில் ஆச்சரியம் மாடு ஓடியதில் இல்லை. இவ்வளவு அழுகுணி ஆட்டத்தை மாணவர்கள் மறைக்காமல், குருவின் புத்திசாலித்தனத்துக்கு அத்தாட்சியாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவதில்தான்.

வீட்டில் அவர் எப்படி? மனைவி யோனமினே சிரு, அறுபது கிலோ அரிசி மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடியில் பெருக்குவாராம். முறைப்பு எடுபடாத ஓரிடம் தீவில் இருந்தது என்று மட்டும் நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த மட்சுமுரா தன் கைப்பட எழுதியது என்று ஒரு மடல் இருக்கிறது, தன் மாணவர் ஒருவருக்கு எழுதியது. அதில் காளை இல்லை, கண் இல்லை, கல்லறை இல்லை. தற்காப்புக் கலையை மூன்று வகையாகப் பிரிக்கிறார். ஒன்று, அசைவுகளை மட்டும் விதவிதமாக மாற்றி ஆட்டம்போல் ஆடுபவர்களுடையது. ஆபத்து வந்தால் தன்னைக்கூடக் காக்காது. இன்னொன்று பேரளவில் மட்டும் உள்ளது. ஊரெல்லாம் சுற்றி, ஜெயிப்பேன் ஜெயிப்பேன் என்று பேசி, சண்டை வளர்த்து, சில சமயம் குடும்பத்துக்கும் கெட்ட பெயர் வாங்கித்தருவது. மூன்றாவதுதான் நிஜம், மனம் அடங்கி எதிராளி தானாகக் கலைவதற்குக் காத்திருப்பது. படித்தால் ரிட்டயரான தலைமை ஆசிரியர் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்த கட்டுரைபோல் இருக்கிறது. வாத்தியார் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கதையெல்லாம் மாணவர்கள் கைங்கரியம். அதற்குக் காரணமும் இருக்கிறது. என் வாத்தியாரின் வாத்தியார் பார்வையிலேயே ஆளைச் சாய்த்தவர் என்றால், அவருக்குப் பேரனாக நிற்கும் என்னையும் நீ கொஞ்சம் யோசித்துத்தானே தொட வேண்டும்?

இதற்கும் மேல் ஏறலாமா? மட்சுமுராவின் வாத்தியார் சகுகாவா என்பது வழக்கு. அந்தச் சகுகாவா இளவட்டமாக இருந்தபோது, பாலத்தின் மேல் ஒரு சீனர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, சும்மா விளையாட்டுக்குத் தண்ணீரில் தள்ளிவிடலாம் என்று பின்னாலிருந்து போயிருக்கிறார். சீனர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் குஷாங்கு, அதிலிருந்து குரு சிஷ்ய உறவு ஆரம்பம் என்று கதை. குஷாங்கு பற்றி எழுத்தில் கிடைப்பது 1762இல் புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கிய ஒரு ரியூக்யூ கப்பலால் வந்தது. அங்கே ஓர் உள்ளூர்ப் பண்டிதர் கப்பலில் வந்த அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டு எழுதிவைத்தார். அதில் போகிற போக்கில், சீனாவிலிருந்து குஷாங்கு என்று ஒருவர் வந்தார், மல்லுப்பிடி தெரிந்தவர் என்று ஒரு குறிப்பு. புயல் வந்திருக்காவிட்டால் ஏணியில் அந்தப் படியே கழன்றிருக்கும்.

அதற்கும் மேலே சீனாவின் ஷாவோலின் மடம், மடத்துக்கு மேலே போதிதர்மர். இங்கே நம்மூர் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். 2011இல் ஏழாம் அறிவு வந்ததிலிருந்து நம்மூரில் கராத்தே வகுப்பு நடத்தும் எவரும், இது நம்ம காஞ்சிபுரத்துச் சரக்குதான் என்று சொல்லாமல் விடுவதில்லை. அதற்கு முன்னாலும் விட்டதில்லை, சூர்யா வந்தபின் தைரியமாகச் சொல்கிறார்கள். ஆனால் போதிதர்மரைப் பற்றி ஆகப் பழைய சீனக் குறிப்பு, கி.பி. 547 வாக்கில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகர் என்கிறது. தனக்கு 150 வயது என்று அவரே சொல்லிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறது. அடுத்து வந்தவர்கள்தான் தென்னிந்திய அரசரின் மகன் என்றார்கள். காஞ்சியும் பல்லவரும் இன்னும் பிந்திய சேர்க்கை. அவர் ஷாவோலினில் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டும் பயிற்சி நூல், 17ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதி, பழைய தேதியில் முன்னுரை போட்டு விட்ட வேலை. பிறந்த தேதியை மாற்றிய ஃபுனகோஷிக்கு அந்த ஆள் பலே கில்லாடி என்று தோன்றியிருக்கும்.

வேடிக்கை இனிமேல்தான். ஃபுனகோஷி 1935இல் வெளியிட்ட தன் பெரிய கராத்தே நூலில் போதிதர்மர் கதையைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய வாத்தியார் இட்டோசு, 1908 அக்டோபரில் கராத்தேயைப் பள்ளிகளில் பரப்பச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, கராத்தே பௌத்தத்திலிருந்தும் வரவில்லை, கன்பூசியத்திலிருந்தும் வரவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். எழுத்தராக இருந்தவர் அல்லவா, சர்க்காருக்குப் போகிற தாளில் புராணம் எழுதக்கூடாது என்று தெரியும். வாத்தியார் அடித்துத் திருத்திய வரியைச் சிஷ்யர் அழகாகத் திரும்ப எழுதிக்கொண்டார்.

அதற்குள் ஃபுனகோஷியே வாத்தியார்களுக்கு வாத்தியாராக ஆகத் தொடங்கியிருந்தார். 1922இல் ஒரு செயல்விளக்கத்துக்காக டோக்கியோ போனவர் திரும்பவில்லை. ஐம்பது தாண்டிய வயதில், ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் ஒண்டிக்கொண்டு, பகலில் தோட்டம் பார்த்து, அறை கூட்டி, காவல் இருந்து, ராத்திரி பாடம் நடத்தினார். ஒருநாள் அவர் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது, ஃபுனகோஷி ஐயாவைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆள் வந்தான். ஒரு நிமிஷம் என்று சொல்லி உள்ளே போனார். துடைப்பத்தை வைத்துவிட்டு, மரியாதையான கிமோனோ உடுத்திக்கொண்டு அதே வாசலில் வந்து நின்று, நான்தான் ஃபுனகோஷி, வணக்கம் என்றார். வந்தவன் முகம் போன போக்கை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இவர் தன்னைப் பற்றி அடக்கிச் சொன்னாலும் கதை சும்மா விடுமா? 1922 வாக்கில் கியோட்டோவில் ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரரை மேடையேறி ஒரு ஒகினாவாக்காரர் வீழ்த்தினார். அவர் சோகி மோட்டோபு. அவரும் இட்டோசுவிடம் பயின்றவர், மட்சுமுராவையும் பார்த்தவர். 1925இல் கிங்கு என்ற பெரிய பத்திரிகை அந்தச் சண்டையைப் படங்களோடு விலாவாரியாகப் போட்டது. பெயர் மோட்டோபு என்று சரியாகத்தான் போட்டார்கள். வரைந்த படத்தில் அந்த வெள்ளைக்காரரை வீழ்த்திக்கொண்டிருந்தது ஃபுனகோஷி. ஐம்பது வயதுக்கு மேல் மேடையேறி அடித்துச் சாய்த்துவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினால், எதிர்த்தரப்பு வாத்தியாரின் மூஞ்சி. மோட்டோபு கொதித்துப்போனார் என்கிறார்கள். யாராக இருந்தாலும் கொதிப்பார்கள்.